துவக்குக் கடையில் மெற்றோ கார்ட்

எண்பதுகளில் ஊரில் ஆமியின் துவக்குக்குப் பயந்து மொன்றியலுக்கு ஓடிவந்தவன் நான். இங்கே பிறந்த என் மகள் மான் வேட்டைக்குப் போகிறாள். இன்று அவளுடைய லீவர் துவக்குக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்கப் போனோம்.

அவள் பெரிய ஸ்கோப்பைக் கேட்டாள். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ விளக்கினார்.

"பெருசைப் பூட்டினால் பெருவிரலால பின்னுக்கு இருக்கிற குதிரையை இழுக்க இடம் காணாதாம், அப்பா" என்றாள் மகள்.

அவர் குட்டையான ஒன்றைத் தாழ்வாகப் பூட்டிக் கொடுத்தார். கண்ணுக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்க, மகள் துவக்கைத் தோளில் வைத்து எதிர்ச் சுவரைக் குறிபார்த்தாள்.

அவ்வளவுதான். என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய், ஒரு அட்டையை எடுத்து நீட்டியது.

"ஸ்கோப் வாங்க அட்டை ஒன்றும் தேவையில்லை, மிஸ்யே" என்றார் கடைக்காரர்.

மகள் துவக்கை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "அப்பா, அது உங்கட மெற்றோ கார்ட்!"

நானும் சிரித்தேன். முகம் கொதித்தது. பெற்ற பிள்ளைக்கு முன்னால் அட்டையும் கையுமாக நின்றிருக்கிறேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அவளை "சேர்" என்றும் கூப்பிட்டிருப்பேன்.

செக்பொயின்றில் ஆமிக்கு அடையாள அட்டை நீட்டிய ஆட்களே, உங்கள் கையாவது அடங்கிவிட்டதா?