பத்து எண்ணும்வரை

என் மனைவிக்குக் கல்லூரியில் ‘ஃபுல்ஸ்டாப் மேடம்’ என்று பெயர். நேருக்கு நேர் யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். யார் வாக்கியத்தை ஆரம்பித்தாலும் அவளே முடித்து, முற்றுப்புள்ளியும் வைத்துவிடுவாள். பத்தொன்பது வருஷமாக வேதியியல் நடத்துகிறவள். முக்கால் மணி நேரத்துக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும். எழுந்து நிற்கும் பெண் ‘அது வந்து மேடம்...’ என்று இழுத்தால் மிச்சத்தை இவள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்து குடியேறிவிட்டது. கல்யாணமான புதிதில் நானும் கொஞ்சம் பேசுகிறவனாகத்தான் இருந்தேன். பிறகு பாதி வாக்கியம் போதும் என்று தெரிந்துகொண்டேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் குழிக்குள் இறங்கும்போது ஏணியிலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்தது. ஆறு வாரம் கட்டு. கூடத்து ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டு என்னைக் கிடத்திவிட்டார்கள். வலிக்குக் கொடுத்த மாத்திரை மத்தியானம் ஆனால் போதும், கண்ணைச் சொருகும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்கும். அதற்குப் பின்னால் மழை பெய்கிறதா, பக்கத்து வீட்டில் தொட்டி நிரம்பி வழிகிறதா என்றுகூடத் தெரியாது.

அந்த அரைத் தூக்கத்தில்தான் அந்தப் பயிற்சி முழுவதையும் நான் கேட்டேன். கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் ஆராய்ச்சி முறைகள் பற்றிய ஆன்லைன் பயிற்சி. இருபத்தொரு நாள், தினமும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருப்பாள். திரையில் நூறு சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய நெற்றி, யாரோ ஒருவருடைய மின்விசிறி. ஒரு பேராசிரியர் மைக்கை அணைக்க மறந்து குறட்டை விடுவார். அவருக்கு நான் துணை, எனக்கு அவர் துணை. பயிற்சி நடத்திய அம்மாள் கேமராவையே போட மாட்டார். குரல் மட்டும் வரும், பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவதுபோல. ‘மாதிரி’, ‘சார்பு’, ‘கூறு’ என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த வார்த்தைகள் கூடத்தில் மெதுவாக மிதந்துகொண்டிருக்கும். கனவில் நான் ஒரு லிஃப்டில் ஏறுவேன். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும், நூறு நெற்றிகள் நிற்கும், யாரும் ஏற மாட்டார்கள்.

என் மனைவி பொழுதுபோகாமல் அதில் சேரவில்லை. எட்டு வருஷமாக முனைவர் பட்டத்துக்காக உழைக்கிறாள். பாடம் வேதியியல் என்றாலும் ஆராய்ச்சி கல்வியியலில்: முதலாண்டோடு படிப்பை விட்டுப் போகும் பெண்கள் ஏன் போகிறார்கள் என்பது. நாற்பது பேரைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்திருந்தாள். நாற்பதில் இருபத்தாறு பேர் திருமணத்தால் விட்டார்கள் என்று அட்டவணை போட்டாகிவிட்டது. கால நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்ந்து, சமர்ப்பிக்க இன்னும் பத்தே வாரம் இருந்தது. அதைத் தவறவிட்டால் எட்டு வருஷமும் பாழ். இந்தப் பயிற்சியின் சான்றிதழையும் வாங்கி இணைத்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் உட்கார்ந்தாள்.

இரண்டாவது வாரம் பேட்டி எடுப்பது பற்றி வகுப்பு. “கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுக்குள்ள வாயைத் திறக்காதீங்க. நாம வாத்தியாருங்க, அதனால நமக்கு இது ரொம்ப கஷ்டம்” என்றது குரல். வீட்டுப்பாடமும் கொடுத்தார். ஏற்கெனவே எடுத்த ஒரு பேட்டியை ஒரு ‘ம்’ விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். நம் பேச்சு சிவப்பில், எதிராளி பேச்சு பச்சையில். இடையில் வரும் மௌனத்தை எத்தனை நொடி என்று குறிக்க வேண்டும்.

“இதென்ன பிரமாதம்” என்று சொல்லிவிட்டு அவள் ஏழாம் எண் பேட்டியை எடுத்தாள். அந்தப் பெண் இவளிடமே படித்தவள், இவள்தான் வகுப்பு ஆசிரியை. ஒலிப்பதிவை ஓட விட்டாள்.

“ஏம்மா காலேஜை விட்டே?”

“அது வந்து மேடம்...”

“வீட்ல கல்யாணம் பேசிட்டாங்களா?”

“ம்.”

“அப்பா வற்புறுத்தினாரா?”

“ம்... அவரும்...”

“புரியுது. அதுக்கப்புறம் படிக்கற சூழ்நிலை இல்ல. அப்படித்தானே?”

“ஆமா மேடம்.”

தட்டச்சு செய்து முடித்துப் பக்கத்தைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கம் முழுக்கச் சிவப்பு. அங்கங்கே பச்சையில் ஒரு ‘ம்’. மௌனம் என்று குறிக்க ஒரு நொடிகூட இல்லை. இன்னொரு பேட்டியை எடுத்தாள், அதற்கடுத்து இன்னொன்று. பதினோரு பேட்டி வரை பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

“என்னங்க, நாற்பது பேரையும் நானே பேட்டி எடுத்து, நானே பதிலும் சொல்லியிருக்கேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

அவளுடைய ஆராய்ச்சி நெறியாளர் பதறவே இல்லை. “மேடம், எந்தத் தேர்வாளர் உட்கார்ந்து நாற்பது ரெக்கார்டிங்கையும் கேக்கப் போறார்? மனசைப் போட்டுக் குழப்பிக்காம சமர்ப்பிச்சிடுங்க” என்றார் ஃபோனில். தப்பான ஆள் இல்லை, அவருக்கும் ஓய்வு பெறும் அவசரம். அன்றைக்கு வகுப்பில் என் மனைவி மைக்கைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள். குரலாக மட்டும் இருந்த அம்மாள் கேட்டார்: “நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கறீங்க?”

அப்புறம் சத்தமே இல்லை. நூறு கட்டங்களும் அசையாமல் இருந்தன. குறட்டைப் பேராசிரியர்கூட அன்றைக்கு விழித்திருந்தார். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பத்து நொடி என்பது எத்தனை பெரிய இடம்! நிதானமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்.

“தெரியல” என்றாள் என் மனைவி. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை காபியோடு என் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள். “கால் எப்படி இருக்கு?”

“பரவால்ல” என்றேன். வழக்கமாக அடுத்து, ‘வலிக்குதா, மாத்திரை போட்டீங்களா, போட்டுட்டுப் படுங்க’ என்று மூன்று வரி வரும். வரவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்னை வைத்துப் பழகுகிறாள்! சரி, எண்ணட்டும் என்று நானும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தேன். ஆனால் அந்த வெற்றிடம் ஒருவனைச் சும்மா இருக்க விடுவதில்லை. ஏழோ எட்டோ எண்ணியிருப்பாள். என் வாய் தானாகத் திறந்தது.

“எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரி வழுக்கி விழலைம்மா நான். கீழ பார்த்தேன், கை நடுங்கிடுச்சு. இப்பல்லாம் குழிக்குள்ள இறங்கவே பயமா இருக்கு. ஆறு மாசமா.”

இதை யாரிடமும் சொல்வதாக நான் நினைத்திருக்கவில்லை. அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். என் கையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஜன்னல் சீலை உப்பி அடங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன்.

அன்று மத்தியானமே ஏழாம் எண்ணுக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, நான் பக்கத்தில் இருப்பதையும் சொல்லி, பதிவு செய்யலாமா என்று அனுமதி கேட்டாள். அந்தப் பக்கம் சமையல் சத்தமும் ஒரு குழந்தையின் சிணுங்கலும் கேட்டன.

“முன்னாடி கேட்டதேதாம்மா. ஏன் காலேஜை விட்டே?”

“அதான் அப்பவே சொன்னேனே மேடம், கல்யாணம்...”

என் மனைவி வாயை இறுக மூடிக்கொண்டாள். மேஜையில் விரல்கள் எண்ணத் தொடங்கின. பத்து தாண்டியது. இருபது. குழந்தை அடங்கிவிட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

“கல்யாணம் அதுக்கப்புறம்தான் மேடம் வந்துச்சு” என்றாள் அந்தப் பெண். “ஒரு நாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. கையில பேப்பர் வச்சிருந்தேன். ‘மேடம், எனக்கு’ன்னு ஆரம்பிச்சேன். நீங்க பேப்பர் திருத்திக்கிட்டே, ‘உடம்பு சரியில்லையா? லீவ் லெட்டரா? அங்க வச்சுட்டுப் போய் ரெஸ்ட் எடு’ன்னீங்க. வச்சுட்டுப் போயிட்டேன். அது லீவ் லெட்டர் இல்ல மேடம். டிபார்ட்மென்ட் மாத்திக்க மனு. அன்னிக்குத்தான் கடைசி நாள். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன். அனுப்பலைன்னதும், மேடத்துக்கு இஷ்டமில்ல போலன்னு...”

அவள் நிறுத்தினாள். நிறுத்திய இடத்திலேயே விட்டாள் என் மனைவி.

“திரும்ப வந்து கேக்க தைரியம் இல்ல மேடம். வீட்டுக்குப் போனேன். வீட்ல இருந்தா கல்யாணம் பேசத்தானே செய்வாங்க.”

ஃபோனை வைத்த பிறகு ஒரு மணி நேரம் அவள் எழுந்திருக்கவே இல்லை. பிறகு நெறியாளருக்கு எழுதினாள். அந்த அட்டவணையை எடுத்துவிடுவதாகவும், நாற்பது பேரையும் மறுபடி கேட்கப்போவதாகவும், பத்து வாரத்தில் முடியாவிட்டால் பட்டமே வேண்டாம் என்றும். எட்டு வருஷம் போகிறதே என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பயிற்சி ஆகியிருந்தது.

அடுத்த நாள் அவள் கல்லூரியிலிருந்து தாமதமாக வந்தாள். தலையெல்லாம் தூசி. எதையும் தூக்கி எறியாதவள் என்று எத்தனை முறை அவளைத் திட்டியிருப்பேன்! ஸ்டாஃப் ரூம் பீரோவில் ஐந்து வருஷத்து லீவ் லெட்டர்கள் கட்டுக் கட்டாக இருந்தன. அதில் ஒரு கட்டின் நடுவில், நாலாக மடித்தது மடித்தபடி, பிரிக்கப்படாமலே இருந்தது அந்தக் காகிதம். மேலே இருந்த பெயரை மட்டும் பார்த்துவிட்டு, பிரிக்காமலே கொண்டு வந்திருந்தாள்.

ஃபோன் போட்டாள். “கிடைச்சுதும்மா.”

“மேடம்... நான் இப்ப...” என்று தயங்கினாள் அந்தப் பெண்.

என் மனைவியின் வாய் திறந்தது. அந்த வாயை எனக்குத் தெரியும். ‘மறுபடி சேரணுமா? அதுக்கு வயசு வரம்பு...’ என்று கிளம்பப்போகிறது. கிளம்பவில்லை. மேஜையில் விரல்கள் எண்ண ஆரம்பித்தன. நானும் கூடவே எண்ணினேன். பதினான்கில் பதில் வந்தது.

“நான் இப்ப எதுவும் கேக்கல மேடம். அதை நீங்க ஒரு தடவை படிச்சாப் போதும். சத்தமா படிங்க, நானும் கேக்கறேன்.”

அவள் காகிதத்தைப் பிரித்தாள். மடிப்புகள் பழுத்திருந்தன. ‘மதிப்பிற்குரிய மேடம்’ என்று ஆரம்பித்தாள். வேதியியல் ஆய்வகத்து வாடையில் தனக்கு மூச்சு வாங்குகிறது, புள்ளியியல் துறையில் இரண்டு இடங்கள் காலியாக உள்ளன, கணக்கு தனக்குப் பிடிக்கும், தயவுசெய்து அனுமதிக்க வேண்டும். ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி’ என்பது வரை ஒரு வார்த்தை விடவில்லை. படித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.