என்னை வெச்சு ஆள் தூக்கப் பழகினாங்க

என்னை முதல்முதலா வேலைய விட்டுத் தூக்கினது ஒரு மத்தியானம். டீ குடுக்கப் போனேன், தூக்கிட்டாங்க. டீ ஆறுறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவ தூக்கினாங்க. அப்புறம் ஒரு பிஸ்கட் பாக்கெட்ட கையில குடுத்து அனுப்பிட்டாங்க.

வெளங்கலையா? சொல்றேன். ஓசூர் ரோட்டுல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அதுல நான் பேன்ட்ரி. பேன்ட்ரின்னா டீ, காபி, கப்பு கழுவுறது, மீட்டிங் ரூமுல தண்ணி வெக்கிறது. ஆறாவதுக்கு மேல பள்ளிக்கூடம் என்னைத் தாங்கல, ஆனா இந்தக் கம்பெனி தாங்குச்சு. காண்ட்ராக்ட் இல்ல, கம்பெனி ஆளு. பொம்மனஹள்ளில எங்க தெருவுல அதைச் சொல்லித்தான் காலரத் தூக்கி விட்டுக்குவேன். என் பொண்டாட்டி கார்மென்ட்ஸ்ல தையல் மெஷின் மேல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போய் வீட்ல உக்காந்துட்டா. அதனால எங்க வீட்டு அடுப்பு எரியுறதே நான் போடுற டீலதான்.

எச்.ஆர்ன்னா ஆள் எடுக்கறவங்கன்னுதான் நெனச்சிருந்தேன். பொறந்தநாளுக்குக் கேக்கு வரவழைப்பாங்க, தீபாவளிக்குக் கோலம் போடச் சொல்லுவாங்க, அந்தக் கோலத்த மறுநாள் நான் தொடைப்பேன். ஆள் அனுப்புறதும் அவங்கதான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கும் பாடம் உண்டு. எச்.ஆர் பெரிய மேடம் ஒருத்தங்க, அவங்களுக்குக் கீழ புதுசா சேர்ந்த மூணு பேரு. கம்பெனில ஆள் கொறைக்கப் போறாங்க. அதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு சின்னக் கண்ணாடி ரூமுல ப்ராக்டீஸ். சொல்றதுக்கு மூணு பேரு இருக்காங்க, கேக்கறதுக்கு ஆளில்ல. அந்த நேரம் பாத்து தட்டோட உள்ள போறேன் நான்.

பெரிய மேடம் நாற்காலியக் காட்டி, "குத்கோப்பா"ன்னாங்க. உக்காந்தேன். தூக்கினாங்க.

மொதல் வார்த்தையிலயே விஷயத்தச் சொல்லிடணும். சாரி சொல்லக் கூடாது. தண்ணி கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். டிஷ்யூ டப்பா அந்த ஆள் பக்கம் இருக்கணும். சொன்னப்புறம் இவங்க வாயத் தொறக்கக் கூடாது, எதிர்ல இருக்கறவன்தான் பேசணும். இதான் பாடம்.

நானா பேசாம இருப்பேன்? அழுவுற ஆளா ஆனேன். டிஷ்யூல மூக்கச் சிந்தி அதை மேடம் கையிலயே குடுத்தேன். சண்டக்கார ஆளா ஆனேன். "எங்க மாமா யாரு தெரியுமா?"ன்னு மேஜையத் தட்டினேன். எங்க மாமா சிவாஜிநகர்ல கோழி உரிக்கிறாரு, அது வேற விஷயம்.

"இப்ப எதுவுமே பேசாத ஆளா உக்காரு. அவங்ககிட்ட சொல்றதுதான் ரொம்பக் கஷ்டம்"ன்னாங்க பெரிய மேடம். அது மட்டும் எனக்கு வரவே இல்ல. எவ்வளவு அடக்கினாலும் "ஏசி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கில்ல மேடம்?"னு வந்துடும். மூணும் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த மூணுல மைசூருப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, என்னை அண்ணான்னுதான் கூப்புடும். மொதல்ல அது வாயத் தொறந்தாலே சாரிதான் வரும். என்கிட்ட சொல்லிச் சொல்லித்தான் அந்த சாரி நின்னுச்சு.

ப்ராக்டீஸ் முடியுற வரைக்கும் தெனமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனா வாசல்லயே விசாரணை.

"இன்னிக்கு எத்தன தடவ தூக்கினாங்க?"

"நாலு."

"அவனவன் ஒரு வேலைக்கு அல்லாடுறான். எம்புருஷன் ஒரே நாள்ல நாலு தொலச்சிட்டு வரான், கெட்டிக்காரன்."

அப்புறம் நெஜமாவே ஆரம்பிச்சாங்க. ஒவ்வொருத்தரா அந்த ரூமுக்குள்ள போனாங்க. நான் செஞ்ச மாதிரி ஒருத்தரும் அழல, மேஜையத் தட்டல. சரின்னாங்க, பேக்க எடுத்தாங்க, போனாங்க. நான் போய் கிளாஸ எடுப்பேன். தண்ணி வெச்சது வெச்சபடி இருக்கும்.

ஒரு நாள் காலைல அந்த மைசூருப் பொண்ணு பேன்ட்ரிக்கு வந்து, "அண்ணா, ரூம ரெடி பண்ணிடுங்க"ன்னுச்சு. தண்ணி வெச்சேன். டிஷ்யூ டப்பாவ வெச்சேன். நாற்காலியத் தொடச்சேன்.

"யாரு மேடம் வராங்க?"

"நீங்க உக்காருங்கண்ணா."

"மறுபடியும் ப்ராக்டீஸா? யாரு வேணும், அழுவுறவனா, கத்துறவனா?"

அது சிரிக்கல. மொதல் வார்த்தையிலயே விஷயத்தச் சொல்லிடுச்சு. பேன்ட்ரிய எடுக்கறாங்களாம், டீ மெஷின் வருதாம், இன்னியோட எனக்குக் கடைசியாம். சாரி சொல்லல. டப்பா என் பக்கம்தான் இருந்துச்சு. சொல்லிட்டு வாய மூடிக்கிச்சு.

எனக்கு ஒண்ணும் வரல. ஏசிகூட ஞாபகத்துக்கு வரல. அழுவுறவன், கத்துறவன் எல்லாரையும் இதே நாற்காலில செஞ்சு முடிச்சாச்சு. உள்ள தேடிப் பாத்தா எல்லாம் போட்டுக் கழட்டின சட்டை மாதிரி கெடக்குது. எதை எடுத்து மாட்டுறதுன்னு தெரியல. டிஷ்யூ டப்பாவுல போட்டிருந்த பூவையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அது காத்துக்கிட்டு இருந்துச்சு. கடைசில அதுவே, "அண்ணா, ஏதாவது பேசுங்கண்ணா"ன்னுச்சு. பாடத்துல அப்படிக் கெடையாது.

நான் எழுந்து தண்ணி கிளாஸத் தட்டுல எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். கழுவிக் கவுத்தேன். சாயங்கால டீயும் நானே போட்டேன். சக்கரை சரியா இருக்குன்னாங்க.

பொம்மனஹள்ளில பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்குப் போனேன். அவ இடுப்புல பெல்ட்டக் கட்டிக்கிட்டு வாசல்ல பூண்டு உரிச்சிட்டு இருந்தா.

"இன்னிக்கு எத்தன தடவ?"

"ஒரு தடவ."

"ஒண்ணே ஒண்ணா? வேலையே செய்யலபோல!"

அவளே சிரிச்சிக்கிட்டா. நான் பக்கத்துல உக்காந்து ஒரு பூண்டக் கையில எடுத்தேன். ரெண்டு பல்லு உரிச்சிருப்பேன். அவ கத்தியக் கீழ வெச்சா.

"ஏன், பேசாம இருக்கே?"