ஒரு விரல் இடைவெளி

கமலேஸ்வரி அக்கா கட்டைபறிச்சானில் பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, முப்பத்தொன்பது வயது வரை ஒரு கிழமை கூட ஊரை விட்டு இருந்ததில்லை. தொண்ணூற்றாறில் ஒரு சத்திரசிகிச்சைக்காகக் குடாக்கடலைத் தாண்டித் திருகோணமலைக்கு வந்தார். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் அக்கரையில் சண்டை தொடங்கிவிட்டது. “நீ வராதை, மாடுகளை ஒரு ஆளிட்டை ஒப்படைச்சிட்டு நான் வாறன்” என்று புருசன் அருளம்பலம் சொல்லியனுப்பினார். எட்டு மாடும் அருளம்பலமும் அங்கே. அக்கா இங்கே, பெரியம்மா முறையான ஒருவரின் வீட்டில்.

துறைமுகத்தடியில் கலீலுர் றஹ்மான் முதலாளியின் மீன் கொம்பனியில் எனக்கு மீன் வெட்டுகிற வேலை. அக்காவுக்குக் குளிரறைக்குள் வேலை. பழைய ஆமிக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கூடைகளை அடுக்குவார். என் மேசை குளிரறைக் கதவுக்கு நேர் எதிரே இருந்தது.

அந்த மாசியில் குளிரறை மக்கர் பண்ணத் தொடங்கியது. உள்ளே மேலே இருக்கிற குளிர்க் குழாய்ச்சுருளில் பனி தடித்து வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. விசிறி சுற்றும், காற்று வராது. இரண்டு கூடை பாரை பழுதாகிப்போனது. முதலாளி பனியைச் சுரண்ட மீன் வெட்டுகிற கத்தியோடு ஏணியில் ஏறினார்.

“முதலாளி, கத்தியை வையுங்கோ!” என்று மெக்கானிக் யேசுரட்ணம் வாசலில் வரும்போதே கத்தினார். “குழாய் ஓட்டையானா காஸ் முழுக்கப் போயிடும். பிறகு இந்த அறையிலை நீங்கள் கோழிதான் வளக்கலாம்.”

அவர் மெசினை நிற்பாட்டி, தண்ணீர் ஊற்றிப் பனியைக் கரைத்தார். நாலாம் நாள் திரும்பவும் சுவர். காஸ் குறைந்தால் ஒரு பக்கம்தான் பனி பிடிக்கும், இது முழுக்கப் பிடித்திருக்கிறது என்றார். பனி உருக்குகிற ஹீற்றரைப் பார்த்தார், சூடானது. தண்ணீர் வழிகிற குழாயைப் பார்த்தார், அடைப்பில்லை. கதவின் றப்பரில் ஒரு கடதாசியை வைத்துப் பூட்டி இழுத்தார், அது அசையவில்லை.

“எங்கையோ வெளிக்காத்து உள்ளுக்குப் போகுது. கடல் ஈரம்தான் இப்பிடிப் பூமாதிரிப் படியும்.”

“இன்னொரு தரம் மீன் பழுதாப் போனா உள்ளுக்கு நிக்கிற ஆளை மாத்திப்போடுவன்” என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

யேசுரட்ணம் என்னிடம் வந்தார். “தங்கச்சி, நீங்கள் கதவைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள். ஒழுங்காப் பூட்டுப்படுறதோ?”

“ஓம்” என்றேன்.

பொய். அக்கா உள்ளே போனதும் சாக்குத் துண்டை மடித்துக் கதவிடுக்கில் வைப்பதை நான் தினமும் கண்டேன். ஒரு விரல் இடைவெளி. அது எதற்கென்றும் தெரியும். அக்கரை மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றி வருகிற லோஞ்சுப் படகுக்கு அந்த நாட்களில் நேரம் கிடையாது. சில கிழமை வரவே வராது. வந்தால் ஊதும், பத்து நிமிடத்தில் சனம் கலைந்துவிடும். அதற்குள் இறங்குதுறை ஜெட்டிக்கு ஓடினால்தான் கட்டைபறிச்சான் ஆட்கள் யாரையாவது பிடித்துப் புருசனைப் பற்றி ஒரு கதை கேட்கலாம். கதவு இறுகினால் விசிறிச் சத்தத்தில் ஊதுவது கேட்காது.

அக்கா சாக்குத் துண்டோடு வெளியே வந்தார். “அந்தப் பிள்ளையைக் கேக்காதேங்கோ தம்பி. நான்தான் வைச்சனான்.”

“ஏனக்கா? மூச்சு முட்டுறதோ?”

“லோஞ்ச் ஊதுறது கேக்க வேணும். இவர் வாறனெண்டவர்.”

யேசுரட்ணம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றார். “கதவு திறந்து கிடந்தா என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது அக்கா. வேலை போயிடும்.”

“வேலை போனா இங்கை எப்பிடி இருந்து காத்திருக்கிறது?” அக்கா அழவில்லை, உண்மையாகவே கேட்டார்.

“ஊதுறதை நான் கேட்டுச் சொல்றன்” என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அட, இதுக்கு வாய் இருக்கு!” என்றார் யேசுரட்ணம். முதலாளியிடம் அவர் ‘றப்பரைச் சரிசெய்தாயிற்று’ என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு பனி தடிக்கவில்லை. லோஞ்ச் ஊதினால் கத்திப் பிடியால் கதவில் மூன்று தரம் இடிப்பேன். அக்கா கோட்டோடு வெயிலில் ஓடுவார். இடையில் பத்தொன்பது நாள் லோஞ்ச் வரவில்லை. கூடை எடுக்க வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன்.

இருபதாம் நாள் ஊதியது. ஓடிப்போன அக்கா வெகுநேரம் வரவில்லை. அவரோடு இன்னொருவரும் நடந்து வருவார் என்று நான் ரோட்டையே பார்த்தேன். அருளம்பலத்தை நான் கண்டதில்லை. கறுப்பா, சிவப்பா என்றும் தெரியாது.

அக்கா தனியாகத்தான் வந்தார்.

“அக்கரைத் துறை வரைக்கும் வந்தவராம். பயணப் பாஸிலை திகதி பிழையெண்டு ஆமிக்காரர் திருப்பிப் போட்டாங்களாம். அடுத்த லோஞ்சிலை வாறாராம்.”

“அடுத்தது எப்ப அக்கா?”

“அது ஆருக்குத் தெரியும்.” கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். “கவனமாக் கேளம்மா.”

உள்ளே போய்க் கதவை இறுக இழுத்துப் பூட்டிக்கொண்டார்.

லோஞ்ச் இன்னும் ஜெட்டியிலேயே நின்றது. அது திரும்பிப் போக வேண்டும், பிறகுதான் வர வேண்டும். என்றாலும் நான் கத்தியை வைத்துவிட்டுக் கடல் பக்கம் காதைக் கொடுத்தேன்.