சுரண்டிய வவுச்சர்

செப்டெம்பர் கடைசி நாளோடு அரசாங்கத்தின் கணக்கு வருடம் முடிந்துவிடும். அதற்குள் கொடுபடாத பணம் திறைசேரிக்கே திரும்பிப் போகும். என் கணவர் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வேலை நெருக்கியதால், அந்தக் கடைசி நாளுக்கு முந்தின மாலை, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். ஒரு வவுச்சரை வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சரிபார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போர்வை கொடுத்த கொட்டாஞ்சேனை வியாபாரிக்குச் சேரவேண்டிய பணத்துக்கான சீட்டு அது.

காலையில் அவர் குளிக்கப் போன நேரம், மகள் கதிரையில் ஏறிப் பேனையை எடுத்துத் தொகையின் மேல் கோடு இழுத்துவிட்டாள். சவர பிளேடால் மையை மெல்லச் சுரண்டினேன். கூடவே அழிந்த ஓர் எண்ணை அதே மாதிரி எழுதினேன். கொன்வென்டில் கொப்பியின் சுத்தத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

அவர் காகிதத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆர் இதைச் சுரண்டினது?"

"நான்தான். பிள்ளை கீறிப்போட்டாள். வடிவாத்தானே எழுதியிருக்கிறன்?"

"அந்த வடிவுதான் என்னைக் கொல்லப்போகுது! பிழையை ஒரு கோட்டாலை வெட்டிக் கையெழுத்து வைக்கலாம். சுரண்டினால் களவு எண்டுதான் எடுப்பினம். சட்டம் அப்பிடி."

"வியாபாரியிட்டைப் புதிசா ஒண்டு வாங்கேலாதே?"

"ஒளிச்சு வாங்கினால் ரெண்டாவது களவு. வேலை போயிடும்."

"இஞ்சாருங்கோ, நடந்ததை நான் எழுதித் தாறன்."

'வீட்டில்' என்ற சொல்லில் பேனை நின்றது. எழுதினால், காகிதத்தை வெளியே கொண்டுவந்த குற்றம் அவர்மேல் விழும். எழுதாவிட்டால், அது என் கையில் எப்படிக் கிடைத்தது? எழுதினேன். அவர் வாசித்தார், வவுச்சரோடு சேர்த்து மடித்தார், ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அன்று பிள்ளைக்குச் சோறு தீத்தினேனா என்பதுகூட நினைவில்லை.

மாலையில் வாசலிலேயே மறித்துக் கேட்டேன்.

"பெரிய கிளாக்கர் வாசிச்சார். 'உம்மடை மனிசியின்ரை எழுத்து உம்மடையிலும் வடிவு, ஐசே' எண்டு சிரிச்சார். பிறகு கந்தோர்ப் பெரியவர், துரையிட்டைக் கொண்டுபோனார். வியாபாரியைக் கூப்பிட்டு, துரைக்கு முன்னாலை புது வவுச்சரிலை கையெழுத்து வைப்பிச்சினம். நாலு மணிக்குள்ளை காசும் குடுத்தாச்சு."

"உங்களுக்கு?"

"வேலை போகேல்லை. இந்த வருஷச் சம்பள உயர்வு இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததுக்கு."

"நான் 'வீட்டில்' எண்ட சொல்லை எழுதாமல் விட்டிருந்தால்?"

இரண்டு சப்பாத்தையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

"களவு எண்டு எடுத்திருப்பினம். வேலையும் போயிருக்கும்" என்றார்.