ஈதர் புட்டியும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும்

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் கீழமாசி வீதி எண்ணெய் மண்டி ஒன்றில் எனக்கு வேலை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேறு போக்கிடம் இல்லாமல் புண்ணாக்கோடு மாரடித்தேன். அதில் எவ்வளவு எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று சோதிப்பதற்குப் பெட்ரோலிய ஈதர் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட தம்பிதான், ஆனால் மகா முன்கோபி. தூளாக்கிய புண்ணாக்கில் ஊற்றினால் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு இறங்கும். அதை வெந்நீர்ச் சட்டியில் வைத்தால் ஈதர் பறந்துவிடும், எண்ணெய் தங்கும். பக்கத்தில் நெருப்பு மட்டும் ஆகாது. அதன் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, தூரத்து நெருப்பையும் தொட்டுவிடும்.

இதை முதலாளியிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அவருக்கு அந்த நெடியே ஆகாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உசிலம்பட்டி வியாபாரி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். "ஏவாரத்தக் கெடுக்க வந்த சனியன்!" என்று முதலாளி என் மேசையிலிருந்த பெரிய புட்டியை ஓங்கித் தட்டினார். அது தரையில் விழுந்து நொறுங்கியது.

"யாரும் விளக்கேத்தாதீக!" என்று கத்திவிட்டு, மேலே கொட்ட மணல் அள்ளக் கொல்லைக்கு ஓடினேன்.

கடை கடையாகச் சாம்பிராணி போடும் பாய் அந்நேரம் தணல் நிறைந்த தூபக்காலோடு வாசலுக்கு வந்துவிட்டார். முதலாளியின் குரல் கொல்லைவரை கேட்டது.

"உள்ள வாங்க பாய். இந்த நாத்தம் போற மாதிரி நல்லா பொகையப் போடுங்க."

"வேணாம் பாய்!" என்று அலறிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் சாம்பிராணியை அள்ளிப் போட்டு மயிலிறகால் விசிறிவிட்டார். வாசற்படியில் பற்றிய நெருப்பு தரையோடு ஓடி என் மேசையில் ஏறியது. பாயின் கைலியும் தாடியும் எரிந்தன. யாரோ குடம் தண்ணீரைக் கொட்ட, ஈதர் அதன்மேல் மிதந்து சாக்கடைவரை எரிந்துகொண்டே போனது. ஈரச்சாக்கைப் பாய் மேல் போட்டு அமுக்கித் தெருவுக்கு இழுத்து வந்தேன். சாக்கை விலக்கியபோது தோலும் கூடவே வந்தது.

முதலாளி தெருவில் நின்று தலையிலடித்துக்கொண்டார். "கடைய எரிச்சுப்புட்டான்! விடாதீகடா அவன!"

மூட்டை தூக்கும் ஆட்கள் அந்தக் கரிந்த உடம்பை உதைத்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன். என் விலாவிலும் உதை விழுந்தது. பாய் கண்ணைத் திறக்காமல் முனகினார்.

"மொதலாளி கூப்ட்டாக... வந்தேன்."

உதைத்த கால்கள் நின்றன. எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் புகைந்துகொண்டிருந்த மண்டியைப் பார்த்தபடி சொன்னார்:

"நல்லவேள, எண்ணெப் பீப்பாய்ல புடிக்கல."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. கீழே கிடந்த தூபக்காலை எடுத்து அவர் வாயிலேயே அடித்தேன். அது சுட்டதுகூட உறைக்கவில்லை.

பாய் ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் இறந்துபோனார். முதலாளியின் பல்லை உடைத்ததற்காக என்மேல் கேஸ் நடந்தது. பாய்க்காக யார்மேலும் கேஸ் இல்லை.