கொட்டாரத்துக்கு ஒரு மட்டிக் குலை

பத்தாயத்தைத் திறந்தாலே மட்டி வாழைப்பழ வாசனை ஆளைத் தூக்கும்... நெல்லுக்குள்ளே குலையைப் புதைத்துப் பழுக்க வைப்பாள் அம்மை. ஒவ்வொரு குலையும் ஒரு டூர் பிளான் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். ராஜாவின் பழைய அரண்மனையான பத்மநாபபுரம் கொட்டாரத்தைக் காட்சிசாலையாக்கி வைத்திருந்தார்கள். நாகர்கோவிலுக்குக் கிழக்கே எங்கள் ஊர், கொட்டாரம் இருக்கும் தக்கலை ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் அம்மை பார்த்ததில்லை. அங்கே தரையில் முகம் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

அரண்மனைக்கு வெறுங்கையோடு போவதா? அதனால் நாள் குறித்ததும் தோட்டத்தில் ஒரு குலையை வெட்டி பத்தாயத்தில் வைத்தாள். பழம் மஞ்சளாகி வரும்போது பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்துவிட்டது. அப்பா மாட்டையும் வண்டியையும் வயலுக்குக் கொண்டுபோய்விட்டார். பிளான் காலி.

குலை எங்களுக்கு. நானும் தம்பியும் வயிறு வலிக்கும்வரை தின்றோம்.

அடுத்த தடவை அத்தைக்குப் பிரசவ வலி. மறுபடி ஒரு குலை! தண்ணீரும் அத்தையும் எங்களுக்கென்றே வந்ததாக நினைத்தோம். தம்பி தைரியமாகக் கேட்டே விட்டான்.

"அம்மா, அடுத்து எப்பம்மா போவ மாட்டோம்?"

அம்மை சிரிக்கவில்லை. பழத்தோலையெல்லாம் கூட்டிப் பெருக்கிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மிச்சப் பழத்தை நான் பத்தாயத்திலேயே வைத்து மூடினேன். பாவமாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக அவளே அரிவாளோடு போய், பச்சைக் காயாக ஒரு குலையை வெட்டி வந்தாள். கோடிப் புடவையும் கட்டியாச்சு.

அப்பா பதறிப்போனார். "காயால்லா இருக்கு? பழுக்காண்டாமா?"

"பழுக்கட்டும்னு இருந்தா இன்னொரு வெள்ளம் வரும். கொட்டாரத்துல வச்சே பழுக்கட்டும்."

"வண்டி இல்லியே..."

"நீங்க வயலப் பாருங்க. நாங்க பஸ்ஸுல போறோம். ஏட்டி, தம்பியக் கையப் பிடி!"

பஸ்ஸில் குலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மை உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே!

வாசலில் காவல்காரர் குலையைப் பார்த்துத் திகைத்துவிட்டார். "அம்மா, இங்க ராஜா ஒண்ணும் தாமசமில்ல. திருவனந்தபுரத்துலல்லா இருக்காரு!"

"அது எனக்கும் தெரியும். ஆளு இல்லேன்னா வீடு வீடு இல்லேன்னு ஆயிருமா? வெறுங்கைய வீசிட்டு எப்பிடி நுழைய?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே குலையை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். உள்ளே அந்தக் கறுப்புத் தரையில் அம்மை குனிந்து குனிந்து தன் முகத்தைப் பார்த்தாள். பொட்டைக்கூடச் சரிசெய்துகொண்டாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெளியே வரும்போது காவல்காரர் சொன்னார்: "அடுத்த ஆழ்ச்ச வாங்கம்மா, ஒரு வாரத்துல பழுத்திருக்கும்." வீடு வந்து சேரும்வரை அம்மை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது காரில் ஏறினால் கொட்டாரம் எட்டிவிடும் தூரம்தான். பிள்ளைகளோடு போகலாம் என்று ஃபேமிலி குரூப்பில் எத்தனையோ பிளான்... ஒருத்தனுக்கு மீட்டிங், பேத்திக்கு எக்ஸாம். இந்த வாரமும் தள்ளிப் போட்டாயிற்று.

நேற்று வடசேரி சந்தையில் ஒரு மட்டிக் குலை வாங்கி, ஹாலில் வைத்து, போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன்.

முதல் பதில் தம்பியிடமிருந்து. எழுபது தாண்டியும் புத்தி மாறவில்லை.

"அக்கா, ட்ரிப் கேன்சல்தானே? பழம் திங்க வரட்டா?"

"காயாக்கும்லே, காய்! நாளைக்குக் காலையில நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரு" என்று அனுப்பினேன்.

கோடிப் புடவை எடுத்து வைத்தாயிற்று.