லாபம், ரெண்டு, மூணு

காரமடைக்கு மேற்கே கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கும் ரங்கநாயகி அக்காவுக்கு நான் ஓர் அநியாயம் செய்தேன். அவர் மூன்று யானைகளை எண்ணிச் சொன்னார். நான் இரண்டு என்று எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? அவரோடு வாதாடி ஜெயிக்கவும் செய்தேன்.

யானை வந்துவிட்டதே என்று பதறுகிறவரிடம் "எத்தனை?" என்று நிதானமாகக் கேட்பதுதான் எங்கள் தொழில். துடியலூரில் ஒரு மருந்துக்கடை மாடியில், தன்னார்வக் குழு ஒன்று நடத்தும் தகவல் மையம். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை என் முறை. பிறகு பல்கலைக்கழகம், எம்.எஸ்ஸி. புள்ளியியல். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் கூப்பிடுவார்கள். எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். விரட்டும் குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஊர் வாட்ஸப் குழுக்களில் எச்சரிக்கை போட வேண்டும். அடுத்தவர் பதற்றத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பிப் பிழைக்கும் சக பாவப்பட்ட ஜீவன்களே, மற்றதெல்லாம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஒற்றை எண்

"எத்தனை" என்ற கட்டத்தில் ஓர் எண்தான் போகும். நம் ஆட்களோ எந்த எண்ணையும் தனியாக வெளியே அனுப்புவதில்லை. துணைக்கு இன்னொன்றைச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். ரெண்டு மூணு, நாலஞ்சு, ஏழெட்டு, பத்துப் பன்னெண்டு. (நடுவிலிருந்த பதினொன்று என்ன பாவம் செய்தது என்று ஒரு பேராசிரியரிடமே சண்டை போட்டிருக்கிறேன்.)

தடாகம் பக்கத்திலிருந்து ஒருவர் "நாலஞ்சு இருக்குமுங்க" என்றார். நாலா, அஞ்சா என்றேன். "ஆறுகூட இருக்கலாமுங்க" என்றார். நாலுக்கும் ஆறுக்கும் ஐம்பது சதவீத வித்தியாசம், இதை நம்பி எத்தனை பேரை அனுப்புவது, எத்தனை வண்டியை அனுப்புவது என்று நான் ஒரு வகுப்பே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னணியில் ஏதோ மரம் முறியும் சத்தம். பிறகு அந்த மனிதர் சொன்னார்: "ஏனுங் அம்மணி, எல்லாத்தையும் வரிசையா நிக்கச் சொல்லி எண்ணிப்போட்டு வாரேன், அதுவரைக்கும் லைன்லயே இருக்கீங்களா?"

ராசியான யானை

மனை விற்கும் ஒருவர் ஒருநாள் கூப்பிட்டார். அவருடைய லேஅவுட்டுக்குள் எட்டு யானைகள் வந்துபோயின என்று நான் போட்ட எச்சரிக்கை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மறைக்கச் சொல்லப்போகிறார் என்று நான் சண்டைக்குத் தயாரானேன். பொதுமக்கள் பாதுகாப்பு, தகவல் அறியும் உரிமை என்று மூச்சு விடாமல் பேசி முடித்தேன்.

"அய்யோ, யானையை எடுக்கச் சொல்லலீங்க. அது வர்ற இடம்னு வாங்கறவங்களுக்கே தெரியும். எட்டுன்னு போட்டதுதான் மனசைச் சங்கடப்படுத்துது. ஒம்பதுன்னு மாத்திருங்க, நமக்கு ஒம்பதுதான் ராசி."

கரடி

யானை மையத்துக்குக் கரடிக்காகவும் போன் வரும். மாங்கரை மேட்டிலிருந்து ஒரு டீக்கடைக்காரர், கரடி கடைக்குள் புகுந்து வர்க்கி பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார். டின்னோடா என்றேன். டின்னோடுதான் என்றார். மூடியைத் திறக்கத் தெரியாததால் இருக்கும் என்று விளக்கம் வேறு. அன்றைக்கு அதிகாலையிலிருந்து மூன்று பொய் அழைப்பு வந்திருந்த கடுப்பில், "காலங்காத்தால கரடி விடாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

டின் மறுநாள் ஓடைக்கரையில் நசுங்கிக் கிடந்தது. ஆனால் அந்த மனிதர் அந்த நிமிடமே, நிஜமான வருத்தத்தோடு சொன்ன பதில் இது: "நான் எங்கீங்க விட்டேன்? அதுவாத்தானே வந்துது!"

ஒன்றரை

இனி ரங்கநாயகி அக்கா. கறிவேப்பிலையை யானை தின்னாது. ஆனால் காட்டிலிருந்து கீழே இருக்கும் வாழைக்கும் மக்காச்சோளத்துக்கும் போகிற வழி அவர் தோட்டம்தான். அதனால் முதல் போன் எப்போதும் அவருடையதாக இருக்கும். கூடவே ஒரு கடி ஜோக்கும் வரும். "அம்மணி, யானைக்கும் நாலு காலுதானுங்களே, அதை ஏன் நாற்காலின்னு சொல்றதில்ல?" தெரியாது என்பேன். "உக்காந்து பாத்தவன் திரும்பி வந்து சொல்லலீங்க!" சிரித்து முடிக்கும்வரை யானை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல மாட்டார்.

ஒருநாள் எத்தனை என்று கேட்டதற்கு ஒன்றரை என்றார். குட்டியா என்றேன். இல்லை, இரண்டுமே பெரிசுதான் என்றார். பின்னே அரை எங்கிருந்து வந்தது, இது அரசு வரைக்கும் போகிற புள்ளிவிவரம், விளையாட்டா என்று நான் எகிறினேன். அக்கா அசரவில்லை: "ரெண்டாவது யானை வேலி மேல நிக்குதுங்க. முன்பாதி நம்ம தோட்டம். பின்பாதி பக்கத்துத் தோட்டம், அது அவங்க கணக்கு."

எல்லாரும் சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. அழைப்பவர்களைப் பற்றிக் குறிப்பு எழுத ஒரு பத்தி உண்டு, அதில் அவர் பெயருக்கு நேராக "விளையாட்டுப் பேச்சு. எண்ணிக்கையை நம்ப முடியாது" என்று எழுதினேன்.

அந்தக் காலை

பத்து நாள் கழித்து, விடிந்தும் விடியாத ஐந்தே முக்காலுக்கு அக்கா கூப்பிட்டார். அன்றைக்கு ஜோக் இல்லை. எத்தனை என்றேன். "இருங்க, பாத்து எண்றேன்" என்றார். லைன் விட்டு விட்டுக் கேட்டது. "லாபம்..." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "...ரெண்டு... மூணு."

யானை வந்ததில் என்ன லாபம்? இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். "ரெண்டா மூணா? ஒண்ணு சொல்லுங்க்கா" என்றேன். "ஒண்ணுன்னு சொல்லக்கூடாதுங்க அம்மணி" என்றார், லைன் போய்விட்டது. ரெண்டு மூணு என்றால் சந்தேகம். சந்தேகம் வந்தால் சிறிய எண்ணை எடு. இது நானாக வகுத்துக்கொண்ட விதி. 2 என்று அடித்தேன். விரட்டும் குழு போனது, இரண்டைக் காட்டுக்குள் ஏற்றிவிட்டது. அதற்குள் அக்கா மறுபடி கூப்பிட்டு, "இன்னொண்ணு சோளக்காட்டுக்குள்ள அசையுதுங்க" என்றார். ரெண்டு மூணு என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ரெண்டும் போயாயிற்று, ஒன்றரை மாதிரி இதுவும் ஒரு கணக்கா, விளையாட வேறு நம்பர் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் வைத்துவிட்டேன். "இரண்டு யானைகளும் காட்டுக்குள் சென்றுவிட்டன, அச்சமின்றி வெளியே வரலாம்" என்று வாட்ஸப்பில் போட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் பால் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பியிருக்கிறார். சோளக்காட்டு முனையில் மூன்றாவது நின்றிருந்தது. அது அவரை ஒன்றும் செய்யவில்லை. வண்டியைத் திருப்பிய வேகத்தில் அவரே பள்ளத்தில் விழுந்து கணுக்கால் முறிந்தது. பெண் சொல்லை வீட்டில் யார் கேட்கிறார்கள் என்று போன மாதம்தான் பேச்சுப் போட்டியில் மேசையைத் தட்டிப் பேசிக் கோப்பை வாங்கியிருந்தேன். ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிட்ட பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னிடம் சொன்னது இதுதான்: "அந்தம்மா போகாதீங்கன்னு கையைப் புடிச்சிழுத்துதுங்க. இவருதான், ஆபீஸ்ல படிச்சவங்க ரெண்டுன்னு போட்டிருக்காங்க, உனக்கென்ன தெரியும்னு சொல்லிப்போட்டுக் கிளம்பிட்டாரு."

பதிவு

என் மேல் தப்பில்லை என்று நிரூபிக்கத்தான் அந்த அழைப்பின் பதிவை, மையத்தில் என்னோடு வேலை பார்க்கும் பஷீரிடம் போட்டுக் காட்டினேன். பஷீருக்கு என் வயதுதான். உக்கடம் பக்கம் வீடு; இங்கே வருவதற்கு முன் ஒரு தானிய மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவன். ரெண்டு மூணு என்று அக்கா குழப்புவதைக் கேள் என்றேன். கேட்டான். மறுபடி போடச் சொன்னான்.

"இதுல குழப்பம் எங்க இருக்குது? தானியத்தைப் படியில அளக்கறப்ப முதல் படியை யாராச்சும் ஒண்ணுன்னு சொல்லுவாங்களா? லாபம்னுதான் சொல்லுவாங்க. லாபம், ரெண்டு, மூணு. அந்தக்கா மூணு யானையைத் தெளிவா எண்ணியிருக்குது."

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். நான் கேட்டதெல்லாம் குறுக்கு விசாரணை. நிகழ்தகவு, மாதிரிக் கணிப்பு எல்லாம் படித்த என்னைப் பார்த்து பஷீர் சொன்னான்: "எம்.எஸ்ஸி.யை மெதுவா முடிச்சுக்க தாயி, மொதல்ல மூணு வரைக்கும் எண்ணப் பழகு."

ஞாயிற்றுக்கிழமை

அதன் பிறகு அக்காவிடமிருந்து போன் வரவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். நடுவில் ஒரு கூட்டம் அவர் தோட்டம் வழியாகவே இறங்கி, பள்ளிக்கூட பஸ் வரும் ரோடு வரைக்கும் போய்விட்டது. எங்களுக்குத் தெரிந்தது கீழூரிலிருந்து ஒருவர் அலறிய பிறகு. நல்லவேளை, பஸ் அன்று தாமதம். குறிப்பிலிருந்த என் வரியை அழித்தேன். "அன்று வந்தவை மூன்று. ரங்கநாயகி சரியாக எண்ணினார். தவறு தகவல் மையத்துடையது, எழுதியவள் நான்" என்று அதே வாட்ஸப் குழுவில் என் பெயரோடு போட்டேன். இருபத்து மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். அக்காவும் பார்த்துவிட்டார் என்று காட்டியது, பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கட்டிலில் அவர் வீட்டுக்காரர் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் தயாரித்து வந்த மன்னிப்பு நாலாவது வாக்கியத்தில் வாதமாக மாறத் தொடங்கியதை நானே கவனித்து நிறுத்திக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான் என்று மட்டும் சொன்னேன். அக்கா டீ கொடுத்தார். கொடுத்துவிட்டு மறுபடி கட்டுப் போட உட்கார்ந்தார்.

கிளம்பும்போதுதான் கேட்க வாய் வந்தது. கீழூர்க் குழந்தைகள் அந்த ரோட்டில்தான் பஸ் ஏறுகிறார்கள், இனி யானை வந்தால் எங்களுக்குக் கூப்பிடுவீர்களா என்றேன். அக்கா கையிலிருந்த கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டு, கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கூப்பிடறதுக்கென்னுங்க அம்மணி, கூப்பிடறேன், நீங்க எத்தனைன்னு வேணாலும் எழுதிக்குங்க, இந்த மனுசன் இனி நான் சொல்றதைத்தான் கேப்பாரு."